காசு போடேக்க கேட்காத ஐசி

போன செமஸ்டர், திருநெல்வேலியில் எங்கட போர்டிங் ரூம். விடியப்புறம் மூன்று மணிக்கு ஒருத்தன் எழும்பியிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "வென்ற காசை எடுக்க ஏலாதாம் மச்சான், ஐசி கேக்கிறாங்கள்." இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பினான். பிறகு வங்கிக் கணக்கு விபரம் கேட்டார்கள். அதையும் அனுப்பினான். கடைசியில், ஒரே இணைய இணைப்பில் பல கணக்குகள் இருப்பதால் அவனுடைய கணக்கு மூடப்பட்டது என்று பதில் வந்தது. ஆறு பேர் ஒரு ரவுட்டரில் தொங்குகிற ரூம் அது. மற்ற இரண்டு பேரையும் அவன்தான் சேர்த்துவிட்டவன். சேர்த்ததற்கு அந்தத் தளமே போனஸும் குடுத்தது!

பதியும்போது அவனிடம் கேட்டது போன் நம்பர், நாடு, '18 வயது பூர்த்தி' என்ற பெட்டியில் ஒரு சரி. அவ்வளவுதான். ஓ.எல். படிக்கிற தம்பி தட்டினாலும் அது திறக்கும்.

இதைத்தான் தகுதி நிபந்தனை என்கிறார்கள். வயது, நாடு, ஆளுக்கொரு கணக்கு, விபிஎன் பாவிக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கு. காசு உள்ளே போகும்வரை ஒருத்தரும் அதைப் புரட்டுவதில்லை. தோற்றவனிடம் யார் ஐசி கேட்டது?

வேறு மாதிரிச் செய்யமுடியாது என்று சொல்லவேண்டாம். பிரித்தானியாவில் முன்பு வயதை உறுதிப்படுத்த 72 மணித்தியாலம் அவகாசம் இருந்தது. 2019 மே மாதத்திலிருந்து வயதை உறுதிப்படுத்தாமல் காசு வைப்பிலிடவே விடக்கூடாது. முதலிலேயே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைக் காசெடுக்கும்போது கேட்டு இழுத்தடிக்கவும் கூடாது. லண்டனில் இருக்கிற மச்சானுக்கு இந்தக் காவல் இருக்கு, எங்களுக்கு இல்லை.

இங்கே என்ன நடக்கிறது? கொழும்பு கசினோக்களுக்குள் உள்ளூர்க்காரர் போகிற கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக்க 2025இல் அரசாங்கம் முடிவெடுத்தது. எங்களைப்போன்ற ஆட்கள் அந்தப் பக்கமே போகமாட்டம். எங்கட கசினோ போனுக்குள்ள இருக்கு, அதுக்கு வாசல் கட்டணமே இல்லை. அதே ஆண்டு சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 'ஐசி முதலில், காசு பிறகு' என்ற ஒரே விதியை அந்த அதிகாரசபை எழுதட்டும். எழுதாத தளத்துக்கு இங்குள்ள வங்கி அட்டைகளால் காசு போகாமல் மறிக்கட்டும். வெளிநாட்டுத் தளங்களை எங்கட சட்டம் எட்டாது என்பார்கள். தளம் வெளிநாட்டில் இருக்கலாம், காசு புறப்படுகிற வங்கி இங்கேதானே இருக்கு?

'படிக்கிற பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை' என்று பெரியாக்கள் கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் பஸ் ஸ்ராண்டில் 40 ரூபா லொத்தர் ரிக்கெற் விற்கிற அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்தில் ஒரு பங்கு மகாபொல நிதியத்துக்குப் போகிறது. சூதுக் காசு எங்கட படிப்புக்குள் எப்பவோ வந்துவிட்டது. அதனால் புனிதர் வேடம் போட எங்களுக்கு விருப்பமில்லை. ரிக்கெற் விற்கிற ஐயாவாவது வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்துத்தான் விற்கிறார்.

எங்கட ரூம் பெடியன் அந்தத் தளத்தில் போட்டதும் மகாபொலக் காசுதான். அவனுடைய ஐசியின் இரண்டு பக்கப் படமும் இன்னும் அவங்களிட்டத்தான் கிடக்கு.