நாம் என்ன, படுதாவா?

சினிமாவே கெட்டது என்று வெறுத்துப் பேசும் பெரியோர் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லோம் நாம். படம் பார்ப்பதில் நமக்குள்ள ஆசை பிரிக்பீல்ட்ஸில் எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் நமது ஊரைக் காட்டுவதாகச் சொல்லி நம்மிடம் வெள்ளி வாங்குகிறவர்கள், அதில் நம்மை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை டிக்கட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

2007இல் வந்த "பில்லா"வை எடுத்துக்கொள்வோம். கதை நடப்பது மலேசியாவில். பெரிய ஓட்டல்களுக்கும் விலையுயர்ந்த மோட்டார்களுக்கும் குறைவில்லை. பத்துமலை முருகன் சிலையின் முன் ஆட்டமும் பாட்டும் உண்டு. பால்மரம் சீவிய கை ஒன்றையேனும் கண்டீர்களா? நாடகக் கொட்டகைகளில் அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா என்று வைத்திருந்தார்களே, அவற்றோடு மலேசியாப் படுதா என்று ஒன்று சேர்ந்தது, அவ்வளவே.

2016இல் பா. ரஞ்சித் எடுத்த "கபாலி" அப்படிப்பட்டதன்று. தோட்டத் தொழிலாளியின் கூலியையும் மானத்தையும் ரஜினிகாந்தின் வாயால் பேச வைத்ததற்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆயினும் கூலிக்காக வாதாடியவன் பிறகு என்ன ஆனான்? கோட்டு அணிந்த துப்பாக்கிக்காரன் ஆனான். மலேசியாவில் காட்டிய பிரதியில், அவன் போலீசாரிடம் சரணடைந்தான் என்று முடிவில் எழுத்துப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் துப்பாக்கியைக் கொண்டாடிவிட்டுக் கடைசியில் எழுத்துப் போட்டால், பார்த்த பிள்ளைகளின் மனத்தில் நிற்பது எழுத்தா, துப்பாக்கியா?

இதே விஷயத்தை யோக்கியமாகச் சொல்ல முடியாதா? முடியும் என்று 2015இல் காட்டினார் சஞ்சய் குமார் பெருமாள். அவருடைய "ஜகாட்" படத்திலும் குண்டர்கள் உண்டு. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், அடித்தாவது படிக்க வைக்க நினைக்கும் தகப்பன், மனம் வெறுத்த சிறுவன் அப்போய் என்று, ஒருவன் குண்டனாகும் வழியைப் படிப்படியாகக் காட்டுகிறது. அது கொண்டாட்டமன்று, விசாரணை. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா அதற்குச் சிறந்த மலேசியப் படம் என்ற பரிசை அளித்தது.

"பில்லா" வந்த அதே 2007இல், தீபக் குமாரன் மேனன் இந்தப் பிரிக்பீல்ட்ஸிலேயே "சலங்கை" எடுத்தார். பூ விற்கும் தாய், பரதம் பயில ஏங்கும் மகள், கதை இதுதான். 2005இல் அவர் எடுத்த "செம்மண் சாலை", மேற்படிப்புக்கு ஆசைப்பட்ட தோட்டத்துப் பெண்ணின் கதை. "பில்லா"வின் வசனம் ஒப்பிக்கும் நம் இளைஞரில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்தார்கள்?

"நாளெல்லாம் உழைத்தவன் தன் கஷ்டத்தையே காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்பார்கள். 1952இல் வந்த "பராசக்தி" இதற்குப் பதில். ரங்கூனிலிருந்து திரும்பிய தமிழன் சென்னையில் ஏமாந்து பசியால் வாடியதைத்தான் அது காட்டிற்று. கணேசனுக்கு அது முதற்படம். பெயர்பெற்ற நட்சத்திரத்துக்காகவா ஜனங்கள் திரண்டார்கள்? தங்கள் வயிற்றெரிச்சலைத் திரையில் கேட்கத்தான் திரண்டார்கள்.

விறுவிறுப்பான கதை வேண்டுமென்றால் கிள்ளான் வட்டாரத்தில் இல்லையா? 1941இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கி அங்கேயும் வெடித்தது. சுட்டது அரசாங்கம், மாண்டவர் தொழிலாளர். மானம் வெறுங்கையோடு நின்றவனிடம் இருந்தது. படம் எடுப்போரே, இதைக் கதைப்பொருளாக்குங்கள்.

தோழர்களே! சென்னைப் படத்தைப் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நமது மண்ணில் நம்மவர் எடுத்த படம் வரும்போது, முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். மோசமாக இருந்தால் எடுத்தவரிடமே சொல்லுங்கள். கொட்டகை காலியாகக் கிடந்தால், அடுத்த படம் எடுக்க அவருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?