இசைத்தட்டைக் கழுவலாமா?

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவரைக் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று கேலி செய்கிறோம். இசைத்தட்டைக் கண்ணால் கண்டிராத முதலாண்டு மாணவர்கூட இதைச் சொல்கிறார். பாவம், அந்த ரிக்கார்டு! அதன்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் பாதி பொய்ப்பழி என்பது என் துணிபு. பழைய தட்டு ஒன்றைச் சுழலவிட்டால் தாளிப்பில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று ஓசை எழுகிறதே, அது பெரும்பாலும் கீறல் அன்று, அழுக்கு. கீறலுக்கு மருந்து இல்லை. அழுக்குக்கு உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் நாம் தூக்கி எறிந்த தட்டுகள் எத்தனை எத்தனை!

அழுக்குத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்க்கு ஒரு சிறு கணக்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டின் ஒரு பக்கம் 22 நிமிடம் பாடினால் ஏறத்தாழ 730 சுற்று. ஒரு சுற்றின் சராசரி நீளம் 65 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஊசி நடக்கும் வழி அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்த வழியின் அகலமோ ஒரு தலைமயிரின் பருமன். ஊசி தட்டின்மேல் தாங்கும் சுமை 2 கிராம் அளவுதான். ஆனால் அதன் முனை தொடும் இடம் கண்ணுக்கே புலப்படாத அளவு சிறிதாகையால் அங்கே விழும் அழுத்தம் மிகப் பெரிது. வழியில் ஒரு மணல் துகள் கிடந்தால், ஊசி அதை வரிப்பள்ளத்தின் சுவரில் வைத்து அம்மியில் அரைப்பது போல் அரைக்கிறது. இன்று அழுக்காக இருப்பது நாளை கீறலாகிறது. 'பழைய தட்டில் தண்ணீர் படக்கூடாது' என்று அஞ்சித் துடைக்காமலே போட்டுக் கேட்பவர், தட்டைக் காப்பாற்றவில்லை, தேய்க்கிறார்.

பொழிச்சலூரிலிருந்து வரும் எனக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை ஒரு தனிப் பல்கலைக்கழகம். பழைய இரும்பு முதல் புறாக் குஞ்சு வரை விற்கும் அந்தச் சந்தையில், பழைய சாமான் விரிப்புகளில் இசைத்தட்டுகளும் கிடக்கும். உறை இழந்து, தோசை போல் ஒன்றன்மேல் ஒன்றாய், நல்ல வெயிலில். ஒன்றைக் கையில் எடுத்தால் கடைக்காரர் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து நீட்டுவார். சிலர் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பேற்றியே வைத்திருப்பர். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. குப்பைக்குப் போக இருந்ததை அவர்களாவது மீட்டு வந்தார்கள். எண்ணெய் மினுக்கைத் தூய்மை என்று நம்பி வாங்கும் நம்மிடம்தான் குறை. அந்த எண்ணெய் வரிப்பள்ளத்தில் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும் பசையாகிவிடும்.

சரி, கழுவலாமா? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, கையில் இருக்கும் தட்டு எதனால் ஆனது என்பது. வேதியியல் மாணவன் என்ற உரிமையில் இங்கே சற்று நின்று பேசுகிறேன், பொறுத்தருள்க.

78 சுற்றுத் தட்டு கனமானது, வளையாது, கீழே விழுந்தால் ஓடு போல் உடையும். அதன் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகள் அதற்குப் பேர்போனவை. அரக்கோடு கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திய தட்டில்தான், 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது முதல் நம் நாட்டுப் பாட்டெல்லாம் வந்தது. மேனாட்டார் அதைக் கைவிட்ட பிறகும் நாம் விடவில்லை. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுக்கூட இந்தியாவில் 78 சுற்றுத் தட்டாக அச்சாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1948இல் வந்த எல்.பி.யோ வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வளையும், எளிதில் உடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு நெருங்கிய உறவு.

இந்த இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதுதான் பெருங்கேடு. மரச்சாமானுக்குத் தச்சர் அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்ன? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த குழம்பு. அப்படியானால் அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் என்ன ஆகும்? பாடகரின் குரலே பாலிஷாகிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்! கொரோனாவுக்குப் பின் வீட்டுக்கு வீடு இருக்கிறதே கைக்குத் தெளிக்கும் சானிடைசர், அதிலும் பெரும்பகுதி சாராயச் சத்துத்தான். வினைல் தட்டு அதை ஓரளவு தாங்கும். அரக்குத் தட்டின் அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது. சலவைச் சோடாவும் அரக்குக்கு ஆகாது.

தண்ணீர் ஆகும். ஆனால் எந்தத் தண்ணீர்? எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்கள் அதைத் தட்டில் ஊற்றத் துணியமாட்டார்கள். நீர் காய்ந்ததும் உப்பு வரிப்பள்ளத்திலேயே தங்கி, பழைய படபடப்போடு புதிய படபடப்பையும் சேர்க்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் மெக்கானிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது (அமிலம் கலக்காததா என்று கேட்டு வாங்குக). ஒரு லிட்டரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில துளி போதும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தூசியை எடுத்துவிட வேண்டும். தூசியோடு நனைத்தால் சேறுதான் மிஞ்சும். பிறகு வெல்வெட் துணியையோ நைந்த பருத்தி வேட்டித் துண்டையோ நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் வழியே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கலாகாது. நடுவிலுள்ள காகித வட்டம் நனையக்கூடாது. பாடியவர் பெயரும் தட்டின் எண்ணும் அதில்தானே இருக்கின்றன? பிறகு சோப்பில்லாத நீரால் மறுபடி ஒரு துடைப்பு. நிழலில் நிறுத்தி உலர்த்தல். அரக்குத் தட்டானால் ஊறவிடாமல் விரைந்து முடிக்க வேண்டும். உலர்ந்ததைப் பழைய பூஞ்சணம் பிடித்த உறையிலேயே திரும்பச் செருகுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுவதை ஒக்கும். புது உறையிட்டு, நூலகத்தில் புத்தகத்தை நிறுத்துவது போல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

நிழலில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் அடையாறு கரைபுரண்டபோது பொழிச்சலூர், அனகாபுத்தூர், கவுல் பஜார் எல்லாம் நீரில் மிதந்தன. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் மரப்பெட்டி நிறைய எல்.பி. தட்டுகள் இரண்டு நாள் சேற்று நீரில் கிடந்தன. நீர் வடிந்தபின் வீட்டார் பாயும் தலையணையும் காயப்போட்ட மொட்டை மாடியிலேயே தட்டுகளையும் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மாலையில் பார்த்தால் அவ்வளவும் அப்பளம் போல் நெளிந்திருந்தன. கறுப்பு நிறம் வெயிலை வாங்கிச் சூடேற, வினைல் இளகி வளைந்துவிட்டது. இரண்டு நாள் வெள்ளம் செய்யாததை அரை நாள் வெயில் செய்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சேறு காயுமுன் நல்ல நீரில் அலசி நிழலில் நிறுத்தியிருந்தால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்திருக்கும் என்பதைச் சொல்ல அன்று தெருவில் ஒருவரும் இல்லை.

'எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கிறதே, இந்தத் தொல்லை எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாம் கிடைக்கவில்லை என்பது முதல் விடை. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் என்றும் கிடைக்கும். அதை விற்பதில் ஆதாயம் இருக்கிறது. ஆனால் 1930களின் தமிழ்ப் பேசும் படங்களுள் பலவற்றின் படச்சுருளே இன்று இல்லை. அவற்றின் குரல் ஏதேனும் எஞ்சியிருந்தால் அது யார் வீட்டுப் பரணிலோ அரக்குத் தட்டில்தான். ஏ.வி. மெய்யப்பன் படத்தொழிலில் கால்வைக்குமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே ஓடியன் தட்டுகள் விற்றவர். அந்த ஓடியன் தட்டுகளை நம் காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினிக்கு ஏற்றியபோது, தனிமனிதர்கள் சேர்த்து வைத்திருந்த தட்டுகளைத்தான் நாட வேண்டியிருந்தது. இரண்டாவது விடை இன்னும் எளியது: கணினிக்கு ஏற்றிய பாட்டும் ஒரு தட்டிலிருந்து எடுத்ததே. தட்டு அழுக்கானால் பதிவும் அழுக்கு.

பழைய புத்தகத்துக்கும் பழைய இசைத்தட்டுக்கும் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அது விபத்து, நாம் ஆண்டுதோறும் நடத்தும் போகி விபத்து அன்று. எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் போகிப் புகையின் வலிமையை நாங்கள் நன்கறிவோம். 2018இல் அது விமானங்களையே தடுமாறச் செய்தது. வினைலை எரித்தால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வளி வேறு வெளிவரும். பாட்டும் போய் மூச்சும் போகும் வேலை!

சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனி ஒருவராகத் திரட்டிய இசைத்தட்டுகள் லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு தட்டுகளையும் காத்து வருகிறது. அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாது. ஆனால் நம் வகுப்புத் தோழர்கள் செங்கற்பட்டிலிருந்து கிண்டி வரை எத்தனை வீடுகளிலிருந்து வருகிறார்கள்! வரும் போகிக்கு முன் அவரவர் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்கட்டும். கிடைத்ததை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் ஓடு போல் ஒலிப்பது அரக்கு. மந்தமாக ஒலித்துச் சற்றே வளைவது வினைல். ஊசி வைத்துப் பார்க்க வேண்டாம்; அப்படியே துணியில் சுற்றி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வேதியியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். பேராசிரியர்கள் மாலை நேரம் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால், வடிநீரும் வேட்டித் துண்டும் என் பொறுப்பு.