அரீத்தாவின் கைகளுக்குக் கிடைக்காத விருது

அரீத்தா ஃபிராங்க்ளின் என்றதும் எல்லோரும் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும், பேச வேண்டிய குரல்தான். 18 கிராமி விருதுகளைக் குவித்த குரல் அது. 1987-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 2005-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 2018 ஆகஸ்டில் மறைந்த பிறகு, 2019-ல் புலிட்சர் அமைப்பின் சிறப்புப் பாராட்டும் வந்தது. ஆனால், தன் பாட்டுகளின் இசையைப் பியானோ முன்னால் உட்கார்ந்து கட்டி எழுப்பிய அரீத்தா இந்தப் பட்டியலில் இல்லை. பல ஆண்டுகள் பியானோ கற்றுக்கொடுத்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

டெட்ராய்ட் நகரில் அவருடைய தந்தை சி.எல்.ஃபிராங்க்ளின் பெயர்பெற்ற போதகர். அந்த வீட்டுக்கு வந்துபோன தேவாலயப் பாடகர்களின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே அரீத்தாவுக்குக் கை பழகியது. இசைக்குறிப்பை வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை. 14 வயதில் தந்தையின் தேவாலயத்தில் பதிவான பாட்டுகளிலேயே பியானோவும் அவருடையதுதான். 1960-ல் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே அவரைப் பெரும்பாலும் பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள். ஆறு ஆண்டுகள் நல்ல பாட்டுகள் வந்தன. ஆனால், அவருக்கே உரிய இசை பிடிபடவில்லை.

1967 ஜனவரியில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அலபாமா மாநிலத்தின் மஸ்ஸல் ஷோல்ஸில் இருந்த ஃபேம் ஸ்டுடியோவுக்கு அழைத்துச் சென்றார். அன்று பியானோ வாசிக்க அமர்த்தப்பட்டிருந்தவர் ஸ்பூனர் ஓல்டம். அரீத்தா பியானோவில் உட்கார்ந்ததும் அவர் அதை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் இருந்த வுர்லிட்சர் மின்பியானோவுக்குப் போய்விட்டார். ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பாட்டு அப்படித்தான் பிறந்தது. அன்று இரவே தகராறு மூண்டு பதிவு நின்றுபோனது. பாதியில் நின்ற இன்னொரு பாட்டை நியூயார்க்கில் முடித்தார்கள். அதற்குப் பியானோ, ஆர்கன் இரண்டையும் அரீத்தாவே வாசித்தார். கோரஸுக்குச் சகோதரிகளைச் சேர்த்துக்கொண்டார்.

‘ரெஸ்பெக்ட்’ பாட்டின் கதையும் இதுதான். ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965-ல் பாடியபோது, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967 பிப்ரவரி 14-ல் பதிவான அரீத்தாவின் பாட்டில் கேட்பது பெண். எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பாடும் இடமோ, சகோதரிகள் எர்மாவும் கரோலினும் இடைமறிக்கும் கோரஸோ ஓட்டிஸின் பதிவில் கிடையாது. ஸ்டுடியோவுக்கு வரும் முன்பே மேடைகளில் பாடிப் பாடி அவர் உருவாக்கிக்கொண்ட வடிவம் அது. அந்த ஆண்டு ஜூனில் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இன்றைக்கு இந்த வேலையைச் செய்கிறவரைத் தயாரிப்பாளர் என்கிறோம். இந்தப் பாட்டுகள் இடம்பெற்ற 1967 ஆல்பத்தில் தயாரிப்பாளர் என்று ஜெர்ரி வெக்ஸ்லரின் பெயர்தான் இருக்கிறது. வெக்ஸ்லரின் பங்கை நான் குறைக்கவில்லை, அரீத்தாவைப் பியானோவில் உட்காரவைத்த புண்ணியம் அவருடையது. அந்த உறையில் இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சந்தேகம் உள்ளவர்கள் அதே ஆல்பத்தில் இருக்கும் ‘டாக்டர் ஃபீல்குட்’ பாட்டைக் கேட்க வேண்டும். மெதுவாக நகரும் புளூஸ். அவர் ஒரு வரியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் வலக்கை பதில் சொல்கிறது. போதகர் பேசப் பேச சபை குரல் கொடுப்பதுபோல. அடுத்த வரியை எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது என்பதெல்லாம் அந்தக் கையோடு சேர்ந்தே முடிவாகிறது. வேறொருவர் வாசித்திருந்தால், எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், பாடகிக்காகக் கணநேரமாவது காத்திருந்திருப்பார். இங்கே அந்தக் காத்திருப்பே இல்லை. என் மாணவர்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டு, குரலை மறந்துவிட்டுக் கையை மட்டும் கேளுங்கள் என்பேன். முதல் முறை யாராலும் முடியாது.

1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆர் அண்ட் பி பிரிவில் சிறந்த பாடகிக்கான கிராமி அவருக்கே போனது. 1973-ல் அதைப் போட்டியில் இருந்த எஸ்தர் ஃபிலிப்ஸுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால், ஆண்டின் சிறந்த ஆல்பம், ஆண்டின் சிறந்த பதிவு என்ற பொதுப் பிரிவு விருதுகள் ஒருமுறைகூட அவருக்கு வரவில்லை. கறுப்பர் இசைக்கென்று ஒதுக்கிய பிரிவுக்குள்ளேயே ராணி ஆக்கிவைத்தார்கள். சட்டமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அமெரிக்க ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் பாட்டை எழுதியவர் தரப்புக்குத்தான் ராயல்டி தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. அந்த வானொலிகளில் எத்தனை முறை ஒலித்தாலும் ‘ரெஸ்பெக்ட்’ அவருக்கு ஒரு காசும் ஈட்டித் தரவில்லை.

தயாரிப்பில் அவர் பெயர் வந்த ஆல்பங்களும் உண்டு. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகளில் பதிவான ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. அடுத்த ஆண்டு குவின்சி ஜோன்ஸுடன் சேர்ந்து இன்னொரு ஆல்பத்தைத் தயாரித்தார். 1975-ல், அரீத்தா எட்டாவது முறையாகச் சிறந்த பாடகி விருது வாங்கிய அதே விழாவில்தான், ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் விருதை கிராமி தொடங்கியது. செவ்வியல் அல்லாத இசைக்கான அந்த விருதை 2025 வரை ஒரு பெண்ணும் வாங்கவில்லை.

மறைந்தவருக்கு இனி விருது தந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால், பெயரைத் திருத்தி எழுத எந்தத் தடையும் கிடையாது. 1967 ஆல்பம் அடுத்த முறை மறுவெளியீடு காணும்போது, தயாரிப்பாளர்கள் வரிசையில் அரீத்தாவின் பெயரையும் அட்லாண்டிக் அச்சிட வேண்டும்.

- கட்டுரையாளர், பியானோ ஆசிரியர்.