கிணற்றைக் கைவிடலாமா?

2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குப் போனபோது நாடு பார்த்தது கடற்கரையில் அவர் உட்கார்ந்திருந்த படங்களைத்தான். அதே பயணத்தில் கட்மத் தீவுக்காக, தினம் ஒன்றரை லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அவர் தொடங்கிவைத்தது பெரிதாகப் பேசப்படவில்லை. தீவுக்காரர்களுக்கு முக்கியம் இரண்டாவது செய்திதான்.

லட்சத்தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. 36 தீவுகளையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வசிப்பது பத்துத் தீவுகளில். மழைநீர் பவள மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. இந்த மெல்லிய படலம்தான் கிணற்றில் ஊறுகிற நல்ல தண்ணீர். வாளியும் கயிறும் இருந்தவரை அதற்கு ஆபத்து குறைவு. மோட்டார் போட்டு வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். போதாக்குறைக்கு, சின்ன மனைக்குள் கிணறும் செப்டிக் டேங்கும் அருகருகே. மணல் கழிவைத் தடுத்து நிறுத்துவதில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் அமைத்த ஆலை. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று நீக்கிய கலத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குடிநீராக்குகிறார்கள். கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாவதால் இங்கே இது சாத்தியம். 2011-ல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இதே ஆலை வந்தது. பிறகு மற்ற தீவுகளுக்கும் திட்டம் விரிந்தது. இந்திய விஞ்ஞானிகள் பெருமைப்படத்தக்க சாதனை, சந்தேகமில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கவரத்தி ஆலையின் திறன் தினம் ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவின் மக்கள்தொகை 11,000-க்கு மேல். தலைக்கு ஒன்பது லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ கிணறுதான் கதி.

பராமரிப்பு இன்னொரு தலைவலி. ஆழ்கடல் குழாய் பருவமழைக் கால அலைகளைத் தாங்கி நிற்க வேண்டும். பம்புகளுக்கு இடைவிடாமல் மின்சாரம் வேண்டும். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலில் வருகிறது. டீசலும் உதிரிபாகங்களும் கேரளக் கரையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஆலை பழுதானால் ஊரே மறுபடி கிணற்றடிக்குத்தான் வரும். அப்போது அந்தக் கிணறு எந்த நிலையில் இருக்கும்?

கிணற்றின் பாதுகாப்பு கடலிலும் இருக்கிறது. தீவு எவ்வளவு அகலமோ, அதற்கேற்பத்தான் நல்ல தண்ணீர்ப் படலத்தின் கனமும். கரை அரித்தால் தண்ணீரும் குறையும். அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காப்பது பவளத்திட்டு. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதில் பவளங்கள் வெளுத்து ஏராளமாக மடிந்தன. பங்காரம் அருகே ஆளில்லாத பரளி-1 என்ற குட்டித் தீவு முழுவதுமாக அரித்துப்போனதை 2017-ல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. கரையில் கான்கிரீட் டெட்ராபாடுகளை அடுக்கினால் அந்த இடம் தப்பலாம். செத்த பவளம் உயிர்பெறாது.

இந்த நிலையில்தான் சொகுசு விடுதிகள், கடல்மேல் குடில்கள் என்ற கனவுகள் வளர்கின்றன. வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் தண்ணீர் வேண்டும். அவர் விட்டுச்செல்லும் கழிவுக்கும் இடம் வேண்டும். எத்தனை பேரை வரவழைக்கலாம் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும், விடுதிக்காரர்கள் அல்ல.

செய்ய வேண்டியவை சாதாரணமானவை. கூரைதோறும் மழைநீர்த் தொட்டி, கழிவு கசியாத கழிப்பறை, மோட்டாருக்குக் கட்டுப்பாடு, மாதந்தோறும் கிணற்று நீர்ச் சோதனை, ஆலைகளுக்குத் தீவிலேயே பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள், உதிரிபாகக் கையிருப்பு. இவற்றில் எதற்கும் திறப்பு விழா நடத்த முடியாது. தள்ளிப்போவதற்கு அதுவே காரணமாகிவிடக் கூடாது.