இரண்டு சீட்டு, ஓர் உடம்பு

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்கள் 2001ல் மூடப்பட்டன. பாறைத் தூசி தந்த சிலிகோசிஸ் அதோடு முடிந்துவிடவில்லை. அந்த நோய் அரித்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். வழக்கமான மருந்துகளுக்குப் படியாத காசநோய்க்கு இன்று லினசோலிட் மாத்திரை தரப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். மூளையின் ரசாயனமான செரடோனினைச் சிதைக்கும் என்சைமை லினசோலிட் ஓரளவு முடக்கும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூயாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்றவையும் செரடோனினைக் கூட்டுபவை. இரண்டும் சேர்ந்தால் எல்லோருக்கும் ஆபத்து வருவதில்லை. வந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். முற்றினால் கடும் ஜுரம், மரணம்கூட. வலிக்கான டிரமடாலும், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதே ரகம்தான்.

இது பழைய உறவு. 1950களில் காசநோய்க்குத் தந்த இப்ரோனியசிட் நோயாளிகளை உற்சாகப்படுத்தியது; மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு அங்கே தொடங்கியது.

நெஞ்சுக்கு ஒரு டாக்டர், மனதுக்கு இன்னொரு டாக்டர் என்றால், இருவரிடமும் இரண்டு சீட்டையும் காட்டவேண்டும். பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. ஃப்ளூயாக்ஸெடின், நிறுத்திய பிறகும் சுமார் 5 வாரம் உடம்பில் தங்கும். அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். நடுக்கமும் ஜுரமும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இரண்டு சீட்டோடு.