ராடாரின் கண்ணைக் கட்டுவதும் அதன் பயனை அளப்பதும்

2025 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி புது டில்லி வெளியிட்ட அறிக்கையொன்று, 'ஒப்பரேஷன் சிந்தூர்' நடவடிக்கையின்போது பாகிஸ்தானுக்குச் சீனா வழங்கியிருந்த வான் பாதுகாப்பு முறைமைகளை இந்திய விமானப் படை விலகிக் கடந்தும் முடக்கியும் 23 நிமிடங்களில் பணியை முடித்துவிட்டதாகத் தெரிவித்தது. அதே மோதலில் இந்திய விமானங்கள் பலவற்றைத் தான் சுட்டு வீழ்த்தியதாக இஸ்லாமாபாத் அறிவித்தது. மே 31 ஆம் திகதி சிங்கப்பூரில் இந்திய முப்படைகளின் பிரதானி அனில் சௌஹான், எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் இழப்பு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார். முடக்கியது உண்மையா, வீழ்த்தியது உண்மையா, அல்லது இரண்டுமே ஓரளவு உண்மையா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய மூன்றாம் தரப்பு எதுவும் அந்த வானில் இருக்கவில்லை.

வன்னி மக்களுக்கு இவ்வாறான உரிமைகோரல்களும் மறுப்புகளும் புதியவையல்ல. பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரம் போன்ற கிராமங்களில் வாழ்ந்தவர்கள், தமது தலைக்கு மேலே பறப்பது என்ன என்பதை ராடார் திரையில் அல்ல, காதினாலேயே அறிந்தவர்கள். கிபிர் விமானத்தின் இரைச்சலுக்கும், மக்கள் 'வண்டு' என்று பெயரிட்டழைத்த ஆளில்லா வேவு விமானத்தின் ரீங்காரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளைகளும் அறிந்திருந்தனர். அந்த வான் மீது இரு தரப்பினரும் தத்தம் வெற்றிகளை அறிவித்துக்கொண்டிருந்தபோது, அவற்றைச் சரிபார்க்கும் வழி எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கு முழுமையாகப் பார்க்கப்படவில்லை என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

ராடாரை முடக்குதல் என்றால் என்ன? ராடார் வானொலி அலையொன்றை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கின்றது. அந்த எதிரொலி மிகவும் பலவீனமானது. அதனைச் செவியுறாமல் செய்வதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, அதே அலைவரிசையில் பெரும் இரைச்சலை எழுப்பி எதிரொலியை அதற்குள் மூழ்கடிப்பது. மற்றையது, பொய்யான எதிரொலிகளை உண்டாக்கி, இல்லாத விமானங்களைத் திரையில் காட்டுவது அல்லது இருக்கும் விமானத்தை வேறிடத்தில் காட்டுவது. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அலறும்போது அருகிலிருப்பவர் பேசுவது கேட்காதல்லவா, முதலாவது அவ்வகையானது. இரண்டாவது, கூட்டத்திற்குள் இருந்து பலர் ஒரே பெயரைச் சொல்லி அழைப்பதைப் போன்றது.

இதில் கவனிக்கத்தக்க கணக்கொன்று உள்ளது. ராடாரின் அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், தூரம் இரு மடங்கானால் எதிரொலியின் வலு பதினாறில் ஒன்றாகக் குறைகின்றது. முடக்கும் கருவியின் அலையோ ஒரு வழி மாத்திரமே பயணிக்கின்றது. அது நான்கில் ஒன்றாகவே குறைகின்றது. ஆகவே தொலைவில் முடக்குபவருக்கே அனுகூலம். விமானம் நெருங்க நெருங்க எதிரொலியின் வலு விரைவாகக் கூடி, ஒரு கட்டத்தில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கட்டம் ராடாரிலிருந்து எத்தனை கிலோ மீற்றரில் அமைகின்றது என்பதே பொறியியலாளர்கள் முடக்கும் கருவியொன்றின் திறனை மதிப்பிடப் பயன்படுத்தும் முதன்மையான அளவுகோல். பரிசோதனைக் களத்தில் இதனைத் துல்லியமாக அளந்துவிடலாம். யுத்த களத்தில் அவ்வாறு அளப்பது முடியாத காரியம்.

ஏன் முடியாது என்பதற்கு 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் ஹாம்பர்க் நகரம் சாட்சி. ஜேர்மனியரின் ராடார்களில் ஒரு வகை ஏறத்தாழ 53 சென்ரி மீற்றர் அலைநீளத்தில் இயங்கியது. அதில் பாதி நீளத்துக்கு அலுமினியத் தாளை வெட்டிக் கீற்றுகளாக வானிலிருந்து கொட்டினால், அக்கீற்றுகள் கூட்டமாகச் சேர்ந்து விமானத்தைப் போல எதிரொலி எழுப்பும் என்பதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் கண்டறிந்திருந்தனர். எதிரியும் இதனைக் கற்றுக்கொண்டுவிடுவான் என்ற அச்சத்தினால் ஓராண்டுக்கும் மேலாக இந்த உத்தி பயன்படுத்தப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜேர்மனியரும் இதே உண்மையைத் தனியே கண்டறிந்து, இதே அச்சத்தினால் அதனைப் பூட்டி வைத்திருந்தனர். ஜூலை 24 ஆம் திகதி இரவு 791 விமானங்கள் புறப்பட்டன. திரும்பாதவை 12 மாத்திரமே. ஒன்றரை வீத இழப்பு என்பது அந்நாட்களில் நம்பமுடியாததொரு எண்.

ஆயினும் எட்டு மாதங்கள் கழித்து, 1944 மார்ச் 30 ஆம் திகதி இரவு நியூரம்பேர்க்கை நோக்கிச் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. ஜேர்மனியர் புதிய அலைநீளத்தில் இயங்கும் ராடார்களுக்கு மாறியிருந்தனர். கீற்றுகளால் ராடார் குழம்பினாலும் விமானங்களைக் கண்ணால் தேடித் தாக்கும் முறைகளையும் வளர்த்திருந்தனர். அன்றைய நிலா வெளிச்சமும் அவர்களுக்குத் துணையானது. அப்படியாயின் அலுமினியக் கீற்று பயனற்றுப் போயிற்றா? இழப்பில் எவ்வளவு ராடாரினால் நேர்ந்தது, எவ்வளவு நிலவினால் நேர்ந்தது என்று எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? முடக்கும் உத்தியின் பயன் அதற்கே உரிய நிலையான குணமல்ல. எதிரி அதைக் கற்றுக்கொள்ள எடுக்கும் காலமே அதன் ஆயுள்.

இன்னொன்றையும் இங்கு சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒன்றரை வீதம் என்ற அந்தப் பெருமைக்குரிய எண், திரும்பி வந்த விமானங்களை மட்டுமே எண்ணியது. அந்த வாரத்தில் ஹாம்பர்க்கின் தீப்புயலில் மாண்ட பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் அந்தக் கணக்கின் எந்த நிரலிலும் இடம்பெறவில்லை.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 2007 மார்ச் 26 ஆம் திகதி அதிகாலை விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கா விமானப் படைத் தளத்தின் மீது குண்டு வீசின. விமானப் படையினர் மூவர் கொல்லப்பட்டனர். ஒரு மாதத்தில் பலாலி. சில நாட்களில் கொழும்பின் கொலன்னாவையும் முத்துராஜவெலவும். பார்படோஸில் உலகக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்த அந்த இரவில் கொழும்பு இருளில் மூழ்கியதைப் பலர் இன்னும் மறக்கவில்லை. அதன் பின் அநுராதபுரம், திருகோணமலை, வவுனியா, மன்னார் தள்ளாடி, களனிதிஸ்ஸ மின் நிலையம் எனத் தொடர்ந்தது.

புலிகள் ராடார்களை ஏதோ நவீன கருவியால் முடக்கிவிட்டார்கள் என்ற ஊகம் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. விடயம் அவ்வாறு இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களிடம் இருந்தவை செக் நாட்டுத் தயாரிப்பான ஸிலின் 143 வகை இலகு விமானங்கள். நால்வர் அமரக்கூடியவை, பயண வேகம் மணிக்கு 250 கிலோ மீற்றரைக்கூட எட்டாதவை. தாழப் பறக்கும் விமானம் பூமியின் வளைவுக்கும் காட்டு மரங்களுக்கும் கீழே மறைகின்றது. மெதுவாகப் பறக்கும் விமானத்தை, அசையும் பொருளை மட்டும் தெரிவுசெய்து காட்டும் ராடார் வடிகட்டிகள் பறவைகளோடும் வாகனங்களோடும் சேர்த்து ஒதுக்கிவிடக்கூடும். சிறு இயந்திரத்தின் வெப்பம் குறைவு என்பதால் வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணைக்கும் அது நல்ல இலக்கல்ல. இப்படிப்பட்டவர்கள் முடக்கும் கருவியொன்றை இயக்கியிருந்தால் அது மதியீனமாகவே முடிந்திருக்கும். அமைதியான இரவில் திடீரெனத் திரை வெளுத்தால், திசையையும் காட்டி, எதிரி வருகின்றான் என்று மணியடித்ததற்குச் சமமாகும். நூற்றுக்கணக்கில் வருபவனுக்கே இரைச்சல் உதவும். ஒன்றிரண்டாக வருபவனுக்கு மௌனமே கவசம்.

1987 மே மாதம் மத்தியாஸ் ருஸ்ட் என்ற ஜேர்மனிய இளைஞர் சிறிய செஸ்னா விமானத்தில் பின்லாந்திலிருந்து பறந்து மொஸ்கோவில் செஞ்சதுக்கத்தின் அருகே இறங்கியதை இங்கு நினைவுகூரலாம். அவரைச் சோவியத் ராடார்கள் கண்டிருந்தன. கண்டதை என்னவென்று தீர்மானிப்பதிலேயே அதிகாரிகள் தவறினர். ராடார் பார்க்கின்றதா என்பது ஒரு கேள்வி. பார்த்ததை நம்பி ஒருவர் உத்தரவிடுகின்றாரா என்பது வேறு கேள்வி. பயனை அளப்பவர்கள் பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர்.

இலங்கையிடம் இருந்த இந்திய இந்திரா ராடார்கள் இரு பரிமாண வகையைச் சேர்ந்தவை. தூரத்தையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டா. இதனைக் காரணம் காட்டிக் கொழும்பு முப்பரிமாண ராடாருக்குச் சீனாவை நாடியது. 2007 ஆம் ஆண்டில் இந்தியத் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இப்பிராந்தியத்தின் பெரிய வல்லரசு இந்தியாவே என்பதைக் கொழும்பு உணர வேண்டும் என்றும், ஆயுதங்களுக்காகச் சீனாவையும் பாகிஸ்தானையும் நாடக்கூடாது என்றும் பகிரங்கமாகவே கூறினார். ஒரு ராடார் எத்தனை பாகை உயரத்தைக் காட்டுகின்றது என்ற தொழில்நுட்பக் கேள்வி, இந்து சமுத்திரத்தில் யாருடைய செல்வாக்கு நிலைக்கும் என்ற கேள்வியாக மாறிய தருணம் அது.

2008 செப்டெம்பர் 9 ஆம் திகதி வவுனியாவில் நடந்ததே ராடாருக்கு எதிரான போரின் நேரடி வடிவம். வன்னிப் படைத் தலைமையகத்தின் மீது கரும்புலிகள் தரை வழியாகவும், பீரங்கிகளும் விமானங்களும் சேர்ந்தும் தாக்கினர். அங்கிருந்த ராடார் நிலையமும் தாக்குதலுக்கு உள்ளானது. அதைப் பராமரித்துக்கொண்டிருந்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயமடைந்தனர். உயிரைக் கொல்லாத தற்காப்புச் சாதனங்களையே இலங்கைக்கு வழங்குகின்றோம் என்று அதுவரை சொல்லி வந்த புது டில்லிக்குத் தமிழகத்தில் பெரும் சங்கடம் ஏற்பட்டது. ராடார் எவரையும் கொல்வதில்லை என்பது உண்மையே. கொழும்பிலும் வவுனியாவிலும் உறங்கிக்கொண்டிருந்த பொதுமக்களுக்கு அது காவல் என்பதும் உண்மையே. அந்த ராடாரின் காவலில் இருந்து புறப்பட்ட விமானங்களே வன்னியின் மீது குண்டுகளைச் சொரிந்தன என்பதும் அதேயளவு உண்மை. 2006 ஓகஸ்ட் 14 ஆம் திகதி வள்ளிபுனத்தில் மாணவிகள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டு வீச்சில் கொல்லப்பட்டபோது அவர்களை எச்சரிக்க எந்த நாட்டு ராடாரும் இருக்கவில்லை.

அன்றைய வவுனியாத் தாக்குதலின் முடிவில் புலிகளின் விமானமொன்றை எஃப்-7 இடைமறிப்பு விமானம் வீழ்த்தியதாக விமானப் படை அறிவித்தது. புலிகள் மறுத்தனர். சிதைவுகளை எவரும் காட்டவில்லை. ஏழு வாரங்கள் கழித்து, அரச படையினர் நாச்சிக்குடாவையும் ஜெயபுரத்தையும் நெருங்கிவிட்டிருந்த ஒக்டோபர் இறுதியில், அந்தச் சிறு விமானங்கள் மீண்டும் தள்ளாடிக்கும் களனிதிஸ்ஸவுக்கும் பறந்தன. ஜெயபுரத்து மக்கள் அவ்வேளையில் வீடு வாசல்களைக் கைவிட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். 2009 பெப்ரவரி 20 ஆம் திகதி கொழும்பை நோக்கி வந்த இரு விமானங்களில் ஒன்று கட்டுநாயக்காவின் அருகே வீழ்த்தப்பட்டது. மற்றையது இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. இம்முறை சிதைவுகள் இருந்தன. ஆகவே வாதம் இருக்கவில்லை. வான் பாதுகாப்பு பாதி வென்றதா, பாதி தோற்றதா என்று கேட்டால் கட்டடத்தில் இருந்தவர்களிடம் ஒரு விடையும் தளத்தில் இருந்தவர்களிடம் இன்னொரு விடையும் கிடைக்கும்.

பௌதிகச் சேதத்தை மாத்திரம் எண்ணினால் அந்த வான் தாக்குதல்கள் அற்பமானவை. ஆனால் பெரும் பொருட்செலவில் ராடார்களும் இடைமறிப்பு விமானங்களும் வாங்கப்பட்டன. நாட்டின் ஒரேயொரு சர்வதேச விமான நிலையம் சில காலம் இரவில் மூடப்பட்டது. தலைநகரம் மீண்டும் மீண்டும் இருளுக்குள் தள்ளப்பட்டது. மறுபுறத்தில், வானத்திலும் எமக்கு வலு உண்டு என்ற நம்பிக்கையை வன்னிக்குள் விதைத்த அதே விமானங்களால், அந்த மக்களின் தலைக்கு மேலே வந்த ஒரு கிபிரைக்கூடத் தடுக்க முடியவில்லை. இரு தரப்பும் தத்தம் வெற்றியை அளந்த கோல்களில் இந்தக் கடைசி விடயம் எங்கும் குறிக்கப்படவில்லை.

இன்று உக்ரைன் களத்தில் தாழப் பறக்கும் மலிவான ஆளில்லா விமானங்கள் அதே பழைய தலைவலியைப் பெரும் எண்ணிக்கையில் கொடுத்து வருகின்றன. வானொலித் தொடர்பை முடக்கும் கருவிகள் பெருகியதும், மெல்லிய ஒளியிழை நூலை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் வகை வந்துவிட்டது. அதனை இரைச்சல் எதுவும் தொடாது. அலுமினியக் கீற்றுக்கும் புதிய ராடாருக்கும் இடையே நடந்த அதே ஓட்டம்தான் இதுவும். முன்னர் மாதங்களில் நடந்தது இப்போது வாரங்களில் நடக்கின்றது.

2007 முதல் 2009 வரையான இரவுகளில் எந்த ராடார் எதைக் கண்டது, எவருக்கு அறிவித்தது, எந்த உத்தரவு எப்போது பிறந்தது என்ற பதிவேடுகளைப் பாராளுமன்றத்தின் முன் வைக்குமாறு கோருவதற்கு இப்போது பாதுகாப்புக் காரணம் எதுவும் தடையாக இருக்க முடியாது. அந்த விமானங்களும் இல்லை, இரணைமடுவில் அவை எழுந்த ஓடுபாதையும் புலிகளிடம் இல்லை. அதே பதிவேட்டின் மறுபக்கமாக, அந்த இரவுகளிலும் பகல்களிலும் வன்னியை நோக்கிப் புறப்பட்ட ஒவ்வொரு விமானமும் எந்த இலக்கைக் குறித்துப் புறப்பட்டது என்பதும் வெளியிடப்பட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திறப்பதாயின் திறக்காமலே இருக்கலாம்.