முதற் பந்தியா, இரண்டாம் பந்தியா?



மார்ச் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பற் பயணம் போய் வந்ததைப் போன இதழில் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். எந்தக் கப்பல், எவ்வளவு காசு என்று கேட்டவர்கள் குறைவு. "ரிக்கற் போடேக்கை இராச்சாப்பாடு எத்தினை மணிக்கு வேணும் எண்டு கேக்கினம். என்ன சொல்லுறது?" என்றுதான் கேட்கிறார்கள். சின்னக் கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு கிழமை கதைவழிப்பட்டோம். ஆகவே இந்த மாதப் பத்தியை அதற்கே விடுகிறேன்.

கப்பலில் போகாதவர்களுக்கு முதலில் விளக்கம். இந்தக் கப்பல்களில் மூவாயிரம், நாலாயிரம் பேர் போவார்கள். சாப்பாட்டு மண்டபம் எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவு பேரையும் ஒரேயடியாக இருத்த முடியாது. ஆகவே எங்கள் கலியாண வீடுகளில் செய்வதைத்தான் வெள்ளைக்காரனும் செய்கிறான். பந்தி வைக்கிறான். முதற் பந்தி பின்னேரம் ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாம் பந்தி இரவு எட்டு, எட்டரைக்கு. ஒரு பந்தி முடிய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். எந்தப் பந்தி என்று பதிந்தீர்களோ, பயணம் முடியுமட்டும் அதே நேரம், அதே மேசை, பரிமாறுகிறவரும் அதே ஆள். இரவு நடக்கும் ஆட்டம் பாட்டுக்கும் இதற்கேற்றபடி இரண்டு காட்சி வைப்பார்கள். முதற் பந்திக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் பந்திக்காரர் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. நினைத்த நேரம் போய்ச் சாப்பிடுவது. 2000ஆம் ஆண்டில் நோர்வீஜியன் குறூஸ் லைன் நிறுவனம் நேரமும் மேசையும் குறிக்காத இந்த முறையைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் பழைய பந்தியை வைத்துக்கொண்டே, பக்கத்தில் இதையும் ஆளுக்கொரு பெயரில் வைத்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து பதினொரு பேர். பதினொரு பேருக்கு நினைத்த நேரத்தில் ஒரே மேசை கிடைப்பது லேசான காரியம் இல்லை. கிடைத்தாலும், ஒருவருக்குப் பசி, ஒருவர் நீச்சற் குளத்தில், ஒருவர் நித்திரை. கடைசியில் ஆளுக்கொரு நேரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். அதை நாங்கள் வீட்டிலேயே செய்கிறோம். அதற்கு டொலர் கட்டிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

இதைச் சொன்னது என் மனைவி. அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மூன்றரைக்கு அட்டை அடித்தால் வீடு வந்து சேரப் பன்னிரண்டு மணி. மனைவிக்குக் காலை வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது நான் இல்லை, நான் வரும்போது அவர்கள் நித்திரை. மைக்ரோவேவுக்குள் மூடி வைத்த கோப்பைதான் எனக்கும் குடும்பத்துக்கும் இடையில் தொடர்பு. சனி ஞாயிறில் ஓவர்ரைம் வரும். ஓவர்ரைம் இல்லாவிட்டால் யாருடையதோ பிறந்தநாள் விழா. இதை வாசிக்கிற பலருடைய வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஏழு இரவு, ஏழு சாப்பாடு, ஒரே மேசை. இதற்குத்தான் காசு கட்டுகிறோம் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டையெல்லாம் எந்த நேரம் என்பதில்தான்.

கப்பலையும் ஷிவ்ற்றையும் பற்றி எழுதும்போது ஊரைப் பற்றியும் ஒரு சொல் எழுதவேண்டும். எங்கள் அஜக்ஸ் என்பதே ஒரு கப்பலின் பெயர். பிரித்தானியக் கடற்படையின் போர்க்கப்பல், அதுவும் 'குறூஸர்' என்ற வகை. 1939 டிசம்பரில் தென்னமெரிக்காவில், உருகுவேக்கு அப்பால், ஜேர்மனியரின் கிராவ் ஸ்பீ கப்பலோடு சண்டை பிடித்த மூன்று கப்பல்களில் ஒன்று. 1941இல் இங்கே எறிகணை நிரப்பும் தொழிற்சாலை எழும்பி, அதைச் சுற்றி ஊர் வளர்ந்தபோது அந்தப் பெயரை வைத்தார்கள். நாங்கள் சாமான் வாங்கப் போகும் ஹார்வூட் அவெனியூ அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். உள்ளே இருக்கும் பல தெருக்களுக்கு மாலுமிகளின் பெயர். தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடியபோது ஒன்பதாயிரம் பேர் வேலை செய்தார்கள், பெருந்தொகையானோர் பெண்கள். யுத்தம் முடியுமுன் நாலு கோடி எறிகணை நிரப்பினார்களாம். ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள் ஷெல் நிரப்பின ஊரில் வந்து குடியிருக்கிறோம். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது கடற்படையின் ஒரு பழக்கத்தை. கப்பலில் நாளை நாலு நாலு மணித்தியாலமாகப் பிரித்து முறை வைத்துக் காவல் நிற்பார்கள். பின்னேரம் நாலு தொடக்கம் எட்டு வரையான காவலை மட்டும் இரண்டாக வெட்டி, இரண்டு இரண்டு மணித்தியாலமாக்கினார்கள். அதற்கு 'டோக் வோச்' என்று பெயர். இப்படி வெட்டினால் ஒருவருக்கே ஒவ்வொரு நாளும் அதே காவல் விழாது. அதோடு எல்லோருக்கும் இராச்சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்கும். ஒரு பகுதி முதலில் சாப்பிடும், மற்றப் பகுதி பிறகு சாப்பிடும். கப்பலில் முந்திய பந்தி, பிந்திய பந்தி என்பது உல்லாசப் பயணிகளுக்காக வந்த ஏற்பாடு அல்ல என்று இதை அறிந்தபோது நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிற்சாலை முதலாளிமாருக்கு இந்த யோசனை இன்னும் எட்டவில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். மச்சான் குடும்பம் மொன்றியலில் இருந்து வருகிறது. அவருடைய பிள்ளைகள் பெரிய பிள்ளைகள், பத்து மணிக்கு முன் எழும்பாத சாதி. மச்சான் இரண்டாம் பந்திதான் என்று நின்றார். "அஞ்சரைக்கு ஆராவது சாப்பிடுவினமோ? அது பிளேன்ரீ குடிக்கிற நேரமெல்லோ" என்றார். நியாயம் இருக்கிறது. ஊரில் எங்களுக்குப் பெரிய சாப்பாடு மத்தியானச் சோறு. இரவில் எட்டு மணிக்குப் பிறகு இடியப்பமோ புட்டோ. இந்த நாட்டுக்காரர் ஐந்து, ஆறுக்குள் சாப்பிட்டு முடிப்பது பார்க்க எங்களுக்கு அந்தரமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களிலும் எல்லோரும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1912இல் தாண்டுபோன டைட்டானிக் கப்பலின் மூன்றாம் வகுப்பு உணவுப் பட்டியலைப் படத்தில் பார்த்தால், 'டின்னர்' என்று போட்டிருப்பது மத்தியானச் சாப்பாட்டை. பின்னேரம் 'ரீ' என்று ஒன்று. இரவில் பிஸ்கற்றும் சீஸும் கஞ்சியும். உழைக்கிற சனத்துக்கு உலகம் முழுவதும் மத்தியானச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடாக இருந்திருக்கிறது.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். "முதற் பந்தி கிழடுகளுக்கும் குழந்தைப் பிள்ளையளுக்கும்" என்று. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஊரில் சொல்வார்கள். முந்தினவனுக்குத்தான் வடை இருக்கும், பிந்தினவனுக்குப் பாயாசம் தண்ணியாக வரும். கப்பலில் அந்தப் பயம் இல்லை, எட்டரைக்கும் அதே சாப்பாடுதான் என்பது அவருடைய வாதம். என் மகளுக்கு ஆறு வயது. எட்டரைக்கு இருத்தி, பாண் வந்து, சூப் வந்து, கறி வர ஒன்பதேகால் ஆகும். அதற்குள் பிள்ளை மேசையில் தலை வைத்துவிடும் என்பது எங்களுடைய வாதம்.

பயண முகவர் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டார். இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் பதிந்து, இரண்டு பதிவையும் இணைத்தால்தான் ஒரே மேசை தரப் பார்ப்பார்களாம். ஒரு குடும்பம் முதல், மற்றக் குடும்பம் இரண்டு என்றால் ஏழு நாளும் ஆளை ஆள் படிக்கட்டில்தான் காண்பது.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். சாப்பாட்டுக்கு முன் ஊசி. ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கி, கை நடுங்கி, வியர்த்துப் போய்விடும். வீட்டில் அவருக்கு ஆறு மணிக்கு ஊசி, ஆறேகாலுக்குச் சாப்பாடு. இதை நான் தொலைபேசியில் மச்சானுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஊசியை நேரம் மாற்றலாம், டொக்டரைக் கேட்டால் சொல்லுவார், தனக்காக ஒருவரும் மல்லுக்கட்ட வேண்டாம் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எட்டு மணிக்கு வெளியிலை கறுத்தத் தண்ணியெல்லோ. அதைப் பாத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றார்.

1993இல் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளாலிக் கடலேரியை இரவில் கடந்தவர். விளக்கு இல்லாத படகு. எனக்கு நாலு வயது, ஒன்றும் ஞாபகம் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கதைப்பதும் இல்லை. நேவி சுடும் என்று பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள் என்பது மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. மச்சானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சரி, முதல் பந்தியையே போடச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அதோடு கதை முடிந்தது.

மார்ச் மாதத்தில் அந்தக் கடலில் ஏழு மணிக்குப் பிறகும் வெளிச்சம் நிற்கும். முதற் பந்தி முடியுமட்டும் கண்ணாடிக்கு வெளியே நீலக் கடல்தான். அம்மா கண்ணாடிப் பக்கக் கதிரையில் முதல் நாள் இருக்கவில்லை. மூன்றாம் நாள் இருந்தார்.

நன்மை தீமை இரண்டையும் எழுதவேண்டும். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு வரும் நாட்களில் முதற் பந்தி அவசரம்தான். நாலரைக்குக் கப்பலில் ஏறி, குளித்து, பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றி, ஐந்தரைக்கு மேசையில் இருக்கவேண்டும். கடலில் குளித்த உப்போடு ஒருநாள் போனோம். மச்சானின் மூத்தவன் இரண்டு நாள் பந்திக்கே வரவில்லை, மேல்தட்டுப் பஃபேயில் தின்றுவிட்டான். பத்து மணிக்குத் திரும்பவும் எல்லோருக்கும் பசித்தது. பீட்சா இருந்தபடியால் தப்பினோம். பெரிய பிள்ளைகள் மட்டும் உள்ள வீடுகளுக்கும், பிள்ளைகளை விட்டுவிட்டுச் சோடியாகப் போகிறவர்களுக்கும் இரண்டாம் பந்திதான் வசதி. ஆறுதலாக இருந்து சாப்பிடலாம். மேசையை ஒழிக்கச் சொல்லி யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பரிமாறுகிறவர்களுக்கு எது நல்லது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களுடைய மேசைக்கு வந்தவர் கோவாக்காரர். முதற் பந்திக்கும் அவர்தான், இரண்டாம் பந்திக்கும் அவர்தான். இரவு பதினொரு மணிக்கு முடித்து, விடியக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் நிற்பார். எட்டு மாத ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் வீடு. என்னுடைய பின்னேர வேலையைப் பற்றி நான் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததை அவரோடு கதைத்த பிறகு நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாளில் இருந்து அம்மாவுக்குக் கேட்காமலே பச்சைமிளகாய் வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். மரக்கறி நாட்களில் இந்தியச் சமையலும் தனியாக வந்தது. இது வேண்டும் என்றால் பதியும்போதே சொல்லி வையுங்கள்.

அம்மா அவரிடம் இப்படிக் கப்பல் எங்களுடைய ஊருக்கும் வருமா என்று கேட்டார். என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' சென்னையில் இருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. அந்தக் கப்பல் முந்தி றோயல் கரீபியனின் பெயரில் இந்தப் பக்கக் கடலில் ஓடித் திரிந்தது. சொன்னவுடன் அம்மா, "அப்ப அதிலை போயிருக்கலாமே" என்றார்.

பந்தி என்று எழுத எழுத ஒன்று மனதில் வருகிறது. எங்கள் வீட்டில் முதற் பந்தி ஆம்பிளைகள், இரண்டாவது பிள்ளைகள். மூன்றாம் பந்தி என்று ஒன்று இருந்தது. அதற்கு ஒருவரும் இலை போடவில்லை. குசினிக்குள் சட்டியோடு இருந்து அம்மாவும் மாமியும் சாப்பிடுவார்கள். இங்கே வந்தும் அது மாறவில்லை. மேசை மட்டும்தான் வந்தது. அம்மா ஆவி பறக்கிற சாப்பாட்டை எல்லோரோடும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிட்டதை அந்த ஏழு நாளில்தான் நான் கண்டேன். இரண்டு நாள் எழும்பி மற்றவர்களுக்குப் போடப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

இனி இரண்டு அலுவல். இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் பந்தியைப் பற்றி யோசிக்குமுன் கடதாசியைப் பாருங்கள். நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும், இலங்கைக் கடவுச்சீட்டோடு அமெரிக்கத் துறைமுகத்தில் போய்க் கப்பல் ஏற அமெரிக்க விசா வேண்டும்.

மற்றது, கேட்ட பந்தி கிடைக்காமல் 'காத்திருப்போர் பட்டியல்' என்று வந்தால் மனம் விடவேண்டாம். கப்பலில் ஏறிய முதல் நாளே, பெட்டி அறைக்கு வருமுன், சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளரைத் தேடிப் போங்கள். பலர் மாற்றக் கேட்பார்கள், முதலில் போகிறவருக்குத்தான் இடம் இருக்கும். ஊசி, குளிசை நேரத்துக்காக மாற்றுகிறோம் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். புறப்படுமுன் குடும்ப வைத்தியரிடமும் அந்த நேரங்களைக் காட்டி, ஊசியை எப்போது போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.